அத்தை சொன்ன சாவி

புதுக் கிராங்க் போட்டு இன்ஜினை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்த அன்று காலையில் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் நாலு பேர் இருந்தோம். அப்பா தோளில் துண்டோடு எட்டி நின்றார். அம்மா கையில் காபிச் செம்போடு வாசல்படியில் நின்றாள். கல்லலில் லேத் பட்டறை வைத்திருப்பவரும் இருந்தார். அவரை நாங்கள் பட்டறைக்காரர் என்றுதான் சொல்வோம். வேறு எங்கோ போகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நாலாவது ஆள் நான், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு. அத்தை இல்லை. அந்த இன்ஜின் அத்தையுடையது. கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த ஹேண்டிலைச் சுற்றியது அவள் கை. அன்றைக்கு அவள் கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

இன்ஜின் தலையில் இருக்கிற லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினேன். சக்கரம் வேகம் பிடித்ததும் லிவரை விட்டேன். முதல் தடவை புகை மட்டும் வந்தது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்குள் கட்டியிருந்த கன்று கயிற்றை இழுத்துத் துள்ளியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பரீட்சை முடிவுகள் எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை, ஏனென்றால் அந்தத் தாள்களில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. இது தெரிந்தது. ஓடாமல் கிடந்த இரும்பை மகன் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி, ஓட வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பு அரை நிமிஷம் இருந்திருக்கும். புகை வெளுத்து, ஓட்டம் நிதானப்பட்டது. அப்போது அது கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொக். எந்தச் சத்தத்துக்காக நாற்பது நாளைக்கு முன்னால் இன்ஜினைப் பிரித்தேனோ, அதே சத்தம்.

அது என்ன சத்தம் என்று சொல்வதற்கு முன்னால் அத்தையைச் சொல்ல வேண்டும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமா ஆயில் இன்ஜினை வண்டியில் ஏற்றிக் கிணறு கிணறாக, கண்மாய்க் கரை கரையாக இழுத்துப்போய் மணிக்கணக்கில் வாடகைக்குத் தண்ணீர் இறைத்தவர். மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசினார்களாம். வயல் அந்த வீட்டுக்கு, வீடும் அந்த வீட்டுக்கு, இன்ஜின் இந்தப் பெண்ணுக்கு என்று பேச்சு முடிந்ததாம். நான் அப்போது தவழ்கிற பிள்ளை. இன்ஜின் எங்கள் ஊருக்கு வந்த கதையை அம்மாதான் சொல்வாள். டிராக்டர் பெட்டியில் இன்ஜினை ஏற்றினார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு அத்தை மாட்டேன் என்றாளாம். பெட்டியிலேயே ஏறி, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கிற அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தை, பிளைவீலை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளம் எல்லாம் நின்றுகொண்டே வந்தாளாம். யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

வந்த மறு மாதமே இறைக்கப் போய்விட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது கையால் லிவரைத் தூக்கி, வலது கையால் ஹேண்டிலைப் போடுவாள். முதல் நாளில் வரப்பில் நின்று சிரித்த ஆண்கள் கொஞ்ச நாளில் சிரிப்பை நிறுத்தினார்கள். நடவு நேரத்தில் தண்ணீர் வேண்டும் என்றால் அவளிடம்தான் வரவேண்டும். “ஏத்தா, ஒங்க வீட்டுல ஆம்பள ஆளே இல்லையா, நீ வந்து சுத்துறே?” என்று ஒருவர் கேட்டதும், “இருக்காக. அவுக சுத்துனா இது ஓட மாட்டேங்குது, மச்சான்” என்று அவள் சொன்னதும் ஊரில் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்த பேச்சு. தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்த அக்காள் என்று அவளை ஒரு நாளும் யாரும் சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டாள். அரிசிக்கு ஒரு பங்கு, மாட்டுத் தவிட்டுக்கு ஒரு பங்கு என்று அவளாகவே வைத்துவிடுவாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். காரைக்குடியில் டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தபோது, படம் வரைகிற பலகையும் அதில் மாட்டுகிற டிராஃப்டரும் வாங்கிக் கொடுத்தது அத்தை. ஒரு கோடை முழுக்கத் தோட்டங்களுக்கு இறைத்த காசு அது. ஆயுத பூஜைக்கு இன்ஜினுக்குச் சந்தனம் அவள் வைப்பாள். குங்குமம் மட்டும் என்னை வைக்கச் சொல்வாள். நான் சின்னப் பிள்ளையில் எட்டாமல் இருந்தபோது தூக்கிப் பிடித்து வைக்கச் சொன்னாள். வளர்ந்த பிறகும் அது என் வேலையாகவே இருந்தது.

நான் டிப்ளமோ முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த வருஷத்தில்தான் அந்த டொக் சத்தம் ஆரம்பித்தது. கதிர் பால் பிடிக்கிற சமயம். ஒரு முற்பகலில் பக்கத்து வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தவள் இன்ஜினை நிறுத்திவிட்டு எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனேன். அப்பாவும் வந்தார். ஓட்டிக் காட்டினாள். நான் காதை வைத்துக் கேட்டேன். உள்ளேதான் எங்கோ இடிக்கிறது என்று எனக்குப் பட்டது. உள்ளே என்றால் கிராங்க். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதைச் சுற்றாக மாற்றுகிற முதுகெலும்பு அது. புத்தகத்தில் அதற்கு ஒரு பாடமே உண்டு.

“மருமகனே, சாவியப் பாரு,” என்றாள் அத்தை. “சாவி ஆடுதுன்னு தோணுது எனக்கு.”

நான் சிரித்துவிட்டேன். “இதுல சாவி எங்க அத்தை இருக்கு? காருன்னு நெனச்சீகளா, சாவியப் போட்டுத் திருக?”

அப்பா சிரித்தார். தண்ணீருக்காக நின்ற வயல்காரர், “இடுப்புல பாருத்தா, சொருகி வச்சிருப்பே” என்றார். அத்தையும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். “ஆமா, எனக்கென்ன தெரியும்? படிச்ச மருமகன் இருக்கையில நான் எதுக்கு வாயத் தொறக்குறேன்” என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் சிரித்ததால் அது வெறும் வேடிக்கை என்றே நினைத்தேன். வெகுநாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இன்ஜினைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார். “எடைக்குப் போட்டாலும் நாலு காசு வரும்க்கா. இதுக்கு மேல என்னத்த அதுல இருக்கு?” அத்தை திரும்பினாள். என்னைப் பார்த்தாள். இன்ஜின் நின்றுபோனால் அவள் அந்த வீட்டில் யார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான்தான், “வீட்டுலயே பிரிச்சுப் பாத்துருவோம் அத்தை, நான் செய்யுறேன்” என்றேன். அந்த வார்த்தையை நான் பெருமையோடுதான் சொன்னேன். அதை மறைப்பதற்கில்லை.

பிரிக்க ஆரம்பித்த அன்று அத்தை இல்லை. இன்ஜின் நின்ற மறுநாளிலிருந்தே கூலிக்குக் களை எடுக்கப் போக ஆரம்பித்திருந்தாள். சாக்கை விரித்து, இரவல் ஸ்பானர்களை வரிசையாக வைத்து, புத்தகத்தைச் செங்கல் மேல் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிராங்க்கை வெளியே எடுக்க வேண்டும் என்றால் முதலில் பிளைவீலைக் கழற்ற வேண்டும். பிளைவீல் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றுவதற்காக இரண்டுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஓர் இரும்புத் துண்டை அடித்து இறுக்கியிருப்பார்கள். ஒரு முனையில் கொண்டை இருக்கும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அதை எடுப்பதுதான் பெரிய பாடு, சில சமயம் சூடு காட்ட வேண்டும், அரை நாள் கூட ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு ஒரே தட்டில் வந்துவிட்டது. என் கைராசி என்று நினைத்தேன். ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலங்களில் அத்தை வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு என்னோடு உட்காருவாள். அகலமான அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு சாமானையும் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவினாள். பண்டபாத்திரம் விளக்குவதைவிடப் பொறுமையாக. நான் காகிதத்தில் ஆங்கிலத்தில் பேர் எழுதி நூலால் கட்டிவைத்தேன். அது அவளுக்குப் பயன்படாது என்பதால் பழைய சேலைக் கரையைக் கிழித்து அவள் தனியாக ஒரு அடையாளம் கட்டினாள். மேல் பாகத்துக்குச் சிவப்பு, கீழ்ப் பாகத்துக்குப் பச்சை. ஒரே இரும்பில் என் எழுத்தும் அவள் முடிச்சுமாகத் தொங்கின. அப்படி ஒரு சாயங்காலம் அந்தக் கொண்டை வைத்த துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“இது தேஞ்சிருக்குல்ல? பாரு, ஒரு பக்கம் மட்டும் மினுங்குது.”

“அது கெடக்கட்டும் அத்தை. சின்னச் சாமான்.”

அவள் அதைத் தட்டில் திரும்பப் போடவில்லை. கொட்டகைச் சுவரில் இருந்த மாடத்தில் தனியாக வைத்தாள். அதன் பேரைச் சொல்லவில்லை. ஒரு தடவை நாங்கள் சிரித்துவிட்ட சொல்லை அவள் இரண்டாம் தடவை எடுக்கவில்லை. கையால் தூக்கிக் காட்டினாள், நான் பார்க்கவில்லை, எடுத்து வைத்துவிட்டாள். ஒருவரிடம் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் அவள் சொல்லியிருக்கிறாள் என்பது இன்றைக்குத் தெரிகிறது.

கிராங்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி தெரியும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவைக்க வேண்டும். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு காட்டும். தூவிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். கழுத்தோரத்தில் மயிர் போல ஒரு கோடு ஈரமாகத் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படித்தது ஒன்று கண் முன்னால் நடக்கிறது என்ற சந்தோஷமும் அதில் இருந்தது என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது.

“கிராங்க் வெடிச்சிருக்கு அத்தை.”

“ஓடுமா, ஓடாதா?”

“ஓடும். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டாப் போகும். பக்கத்துல நிக்கிற ஆளையும் சேத்துக் கொண்டுபோகும்.”

பக்கத்தில் நிற்கிற ஆள் அவள்தான். அதை நினைத்துத்தான் சொன்னேன். கிராங்க்கை மட்டும் சாக்கில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைந்து போட்டால் ஓடும் என்றார். நான் சாக்பீஸ் கோட்டைச் சொன்னேன், விரிசல் எப்படி வளரும் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “சரிப்பா, படிச்சவுக சொல்றீக” என்று லேத்துக்குத் திரும்பிக்கொண்டார். அதையும் நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

புதுக் கிராங்க்குக்குப் பணம் எங்கள் வீட்டில் இல்லை. அத்தைக்கு ஓர் இடம் தெரியும். கீழச்சிவல்பட்டியில் ஒரு செட்டியார் வீடு. வீட்டுக்காரர்கள் எல்லாரும் சென்னையில். கல்யாணம், குலதெய்வப் படைப்பு என்றால் மட்டும் வந்து திறப்பார்கள். தங்கியிருந்து கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி, மழைக்குச் சன்னல் அடைக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அந்த வீட்டு ஆச்சி இரண்டு வருஷமாக அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார். “எனக்கு இன்ஜின் இருக்கு ஆச்சி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வருவாள். இந்தத் தடவை அவளாகவே போனாள். திரும்பி வந்து, முந்தானையில் முடிந்திருந்த முன்பணத்தை என் கையில் கொடுத்தாள்.

“எட்டு மாசம்தான். கழிஞ்சதும் வந்துருவேன். அதுவரைக்கும் இன்ஜினத் தம்பி பாத்துக்கட்டும்,” என்றாள். அப்பாவைப் பார்த்து, “நீ யாரையும் வையாம இறைச்சுக் குடுக்கணும். தண்ணிக்கு வாரவுக நம்ம வீட்டுக்கு வாரவுக” என்றாள். போகும்போது கொட்டகைக்குள் போய்ப் பிரித்துக் கிடந்த சாமான்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு பை. குன்றக்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

கிராங்க் மதுரையில்தான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு வந்து இறங்கிய அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வாசல்படி தாண்டக் கூடாது என்று அம்மா மறித்துவிட்டாள். “அந்தக் கெரகத்த அங்குட்டே வையி, வெளிய!” மறுநாள் வரைக்கும் வேப்பமரத்தடியில் சாக்குப் போர்த்திக் கிடந்தது, நல்ல நேரத்துக்காக வெளியே நிறுத்திவைத்த சம்பந்தக்காரரைப் போல. அப்புறம் நாலு நாளில் பூட்டி முடித்தேன். பேரிங் புதுசு, ரிங் புதுசு, கேஸ்கெட் புதுசு. கடைசியாகப் பிளைவீலை ஏற்றிவிட்டு, மாடத்திலிருந்த அந்தப் பழைய துண்டை எடுத்து வைத்துத் தட்டினேன். சுலபமாக உள்ளே போனது.

அந்தக் காலையில், சத்தம் கேட்டதும் பட்டறைக்காரர், “நிறுத்துப்பா” என்றார். இன்ஜின் நின்றது. கிட்டே வந்து பிளைவீலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் லேசாக அசைத்தார். கிராங்க் நின்ற இடத்தில் நின்றது. சக்கரம் மட்டும் ஒரு மயிரிழை அசைந்தது. டொக்.

“சாவி ஆடுது,” என்றார்.

“என்ன சாவி?”

அந்தக் கொண்டையை விரலால் தட்டினார். “இந்தா இருக்கே. இதுக்கு உங்க காலேஜுல என்ன பேரு?”

ஜிப் ஹெட் கீ. இரண்டாம் வருஷத்தில் அதை வரைந்திருக்கிறேன். முன்பார்வை, பக்கப் பார்வை, நூற்றுக்கு ஒன்று சரிவு, கொண்டையின் அளவு எல்லாம் போட்டு. அத்தை வாங்கித் தந்த டிராஃப்டரை வைத்துத்தான் வரைந்தேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். கீ என்றால் சாவி என்பதை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் ஆரம்பித்த வருஷத்தில் நான் படித்த முதல் இருபது முப்பது சொற்களில் அது ஒன்று. ஆனால் கல்லூரியில் படித்த கீ எனக்கு ஒரு பக்கம் இருந்தது, வீட்டுச் சாவி இன்னொரு பக்கம் இருந்தது. நடுவில், பட்டறைகளில் எல்லாரும் புழங்குகிற சாவி ஒன்று இருக்கிறது, அதை மாமா வாயிலிருந்து அத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அவள் சரியான பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். பேர் தெரியாமல் நின்றவன் நான்.

“கிராங்கத்தான கொண்டாந்தே,” என்றார் பட்டறைக்காரர், குரலில் கோபம் இல்லாமல். “இன்ஜினக் கொண்டாரலையே.”

அவரே பட்டறைக்குப் போய் ஒரு புதுச் சாவி எடுத்துவந்து, அரத்தால் ராவிப் பொருத்தி, கனச் சுத்தியலால் அடித்து இறக்கினார். இன்ஜின் ஓடியது. சத்தம் இல்லை. அவர் புறப்பட்டுப் போனார். அம்மாதான் முதலில் பேசினாள். “மதினி அன்னைக்கே சொன்னாகல்ல.” பிறகு அப்பா, “அக்காட்ட சொல்லிராத. வேலைக்கு வேற போயிருச்சு, மனசு தாங்காது” என்றார். அவர் அதை அவளுக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, தானும் சேர்ந்து சிரித்ததற்காகச் சொன்னாரா தெரியாது. எனக்கு அந்த வார்த்தை வசதியாக இருந்தது. ஒளிந்துகொண்டேன். ஒரு வருஷம் கழித்துப் பட்டறைக்காரர் இன்னொன்றும் சொன்னார். நான் பட்டறையிலேயே விட்டுவந்த பழைய கிராங்க்கைக் கடைந்து காளையார்கோவில் பக்கம் ஓர் இன்ஜினுக்குப் போட்டிருக்கிறாராம், நன்றாக ஓடுகிறதாம். நான் பார்த்தது விரிசல் அல்ல. எந்தக் காலத்திலோ எந்த லேத்திலோ விழுந்த கீறல்.

அத்தை பொங்கலுக்கு வந்தாள். பையைக்கூட வீட்டுக்குள் வைக்காமல் நேராகக் கொட்டகைக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஹேண்டிலைச் சுற்றினாள். முதல் சுற்றிலேயே பிடித்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு நிறுத்திவிட்டு வழக்கம் போலச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிளைவீல் நடுவில் அவள் விரல் நின்றது. பழைய கறுத்த இரும்புக்கு நடுவில் அது மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இது புதுசா?”

பேரைச் சொல்லாமல்தான் கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை.

“ஆமா அத்தை,” என்றேன். “சாவி புதுசு.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். பார்வையை எடுத்துவிட்டு, முந்தானையால் பிளைவீல் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“எம்புட்டு?”

“நூத்தி இருவது ரூவா.”

துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு சுற்று முழுக்கத் துடைத்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்து, அப்புறமும் துடைத்தாள். “நல்லா அடிச்சிருக்கே” என்றாள். அதை அடித்தது நான் இல்லை. அதையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போனாள்.

எட்டு மாதம் கழிந்தது. அத்தை வரவில்லை. வருவதற்கு இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், ஓடுகிற இன்ஜின் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்கிற பொறுமை கிடையாது. நேரத்துக்குப் போகமாட்டார், போனால் சண்டை போடுவார். அத்தையிடமே பதினைந்து வருஷம் தண்ணீர் வாங்கிய இரண்டு தோட்டக்காரர்கள் அந்தக் கோடையில் போர் போட்டு மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக. அவள் இங்கேயே இருந்திருந்தாலும் அவர்கள் மாறியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் அவள் இருந்து, அவள் கண் முன்னால் மாறியிருப்பார்கள். அந்த எட்டு மாதமும் இன்ஜின் அவள் கையில் ஓடியிருக்கும். முன்பணம் கழிந்த பிறகும் அவள் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து உட்கார அவளுக்குத் தெரியாது.

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அத்தை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஐப்பசி அடைமழையில் மாடிச் சன்னல்களை அடைக்கப் போய் நனைந்து, காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, காரைக்குடி ஆஸ்பத்திரியில் நாலு நாள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்ஜின் கொட்டகையில் இருக்கிறது. அப்பா அதை எடைக்குப் போடுகிற பேச்சை விட்டுவிட்டார். ஊருக்கு வந்தால் நான் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். சத்தமே இல்லாமல் ஓடும்.

கடைசியாக அவளைப் பார்த்தது அதற்கு முந்திய ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூடக் கூட்டி வைத்திருந்தேன். கீழச்சிவல்பட்டி வீட்டில் முன்கட்டு, வளவு எல்லாம் தாண்டிப் பின்கட்டில் அவளுடைய இடம். ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஒரு கண்ணாடி. இடுப்பில் அத்தனை அறைகளுக்கும் ஆன சாவிக்கொத்து தொங்கியது, நடந்தால் சத்தம் போட்டது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். வீட்டுக்காரர்களை அழைத்துவந்த வாடகைக் கார் டிரைவர் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். “இவன்தான் எங்க மருமகன். நான் சொல்லல? என் இன்ஜினுக்கு வீட்டுலயே கிராங்க் மாத்துனவன்” என்று அவரிடம் என்னைக் காட்டினாள். “அடேயப்பா, அதுக்கு எங்க ஊருல வண்டியத் தூக்கிக்கிட்டு மதுரைக்குல்ல போவாக” என்றார் அவர். அவர் எழுந்து போகிறவரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை,” என்றேன். “அந்தக் கிராங்க் விஷயம் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லாத.”

“இல்ல அத்தை, அன்னைக்கு நீங்க சொன்னது—”

“தெரியும்ப்பா.” டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டாள். “நீ அத வாயத் தொறந்து சொன்னேன்னா நான் கோவப்படணும். ஒம்மேல கோவப்பட்டு எனக்குப் பழக்கமில்ல. இந்த வயசுல போயி எங்குட்டுப் பழக?”

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

“மொத்தம் எம்புட்டு ஆச்சுன்னு மட்டும் சரியாச் சொல்லு. இங்கன கேக்குறவுககிட்ட எல்லாம் இருவதாயிரம், இருவதாயிரம்னு சொல்லி வச்சிருக்கேன். கூடச் சொல்லிட்டனோன்னு இருக்கு.”

மனசுக்குள் கூட்டினேன். மதுரை போய்வந்த பஸ் காசு, மண்ணெண்ணெய், எதையும் விடவில்லை.

“பதினெட்டாயிரத்து எரநூத்தி எம்பது ரூவா, அத்தை.”